நாற்பது ஓட்டை, பதினெட்டுப் பல்லு

சைக்கிள் பழுதாவதிலும் ஒரு மரியாதை வேண்டும். காற்றுப் போகலாம். செயின் கழலலாம். பிறேக் பிடிக்காமல் கொண்டுபோய் வேலியில் ஏற்றலாம். இதெல்லாம் ஊரில் எல்லோருக்கும் நடப்பதுதான். யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். எங்கள் மாமியின் சைக்கிளுக்கு வந்த வருத்தம் அப்படியானதல்ல. பெடலை மிதித்தால் செயின் ஓடியது. பின்சில்லின் பக்கத்தில் செயின் ஏறுகிற பல்லுச் சக்கரம் இருக்கிறதே, பிறீவீல், அதுவும் நன்றாகச் சுற்றியது. சில்லு மட்டும் தனக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று நின்றது. சண்டிலிப்பாய்ச் சந்தியில், பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில், நான் கரியரில் இருக்க, மாமி விழுந்து விழுந்து மிதித்தபடி நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு இரண்டு பேரும் மெல்லச் சரிந்தோம். ரியூசனுக்குப் போன பெரிய வகுப்புப் பெடியன்கள் கை தட்டினார்கள். நான் அவர்களுக்கு நாக்கைக் காட்டினேன். மாமி சேலையைத் தட்டிக்கொண்டு எழும்பி, "வா, நடப்பம்" என்று மட்டும் சொன்னார்.

மாமி என்றால் அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தார். முன்பள்ளி ரீச்சர். முப்பத்து மூன்று வயதாகியும் கலியாணம் ஆகவில்லை. அது எங்கள் வீட்டின் முதலாவது பிரச்சினை, பின்சில்லு இரண்டாவது. எனக்கு அப்போது ஒன்பது வயது. முதலாவதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு இரண்டாவதை நான் பொறுப்பெடுத்தேன். காரணம் இருந்தது. வகுப்பில் எல்லாப் பெட்டைகளும் சைக்கிள் ஓடுவார்கள், எனக்கு மட்டும் தெரியாது. அந்த விடுமுறையில் பழக்குகிறேன் என்று மாமி வாக்குத் தந்திருந்தார். அந்த நேரம் பார்த்து அது படுத்துவிட்டது.

முதலாவது பிரச்சினையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அப்பா நல்ல மனுசன், வெங்காயமும் புகையிலையும் செய்கிறவர். தோட்டத்தில் எந்த நேரத்துக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தங்கச்சிக்கு என்ன வேண்டும் என்று கேட்கத்தான் தெரியாது. அவருக்கு வெளிநாட்டு மாப்பிள்ளைதான் வேண்டும். புரோக்கர்மார் வருவார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், படம் காட்டுவார்கள். கனடாவிலிருந்த ஒருவருக்குச் சாதகக் குறிப்புச் சரிவரவில்லை. சுவிஸிலிருந்த ஒருவருக்கு விசா சரிவரவில்லை. இன்னொருவர் படத்தைப் பார்த்துவிட்டு வயதைக் கேட்டார். வயதைக் கேட்டவர் பிறகு கதைக்கவே இல்லை. சண்டைக் காலம் மாமியின் இளம் வயதைத் தின்றுவிட்டுப் போனதற்கு மாமி என்ன செய்வார்! தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கோழிக்குத் தீன் போடப் போய்விடுவார். "மச்சாள் என்ன நினைக்கிறா எண்டு ஒருக்கால் கேளுங்கோவன்" என்று அம்மா சொல்வார். "என்னத்தைக் கேக்கிறது? நல்ல இடம் வந்தால் ஓமெண்டுவாள்" என்று அப்பா முடித்துவிடுவார். எங்கள் பக்கத்து முறையும் அப்படித்தான். பெண் வாய் திறக்கக் கூடாது. பெண் வீட்டார்தான் போய்க் கேட்க வேண்டும். ஆண்பிள்ளை தானாக வந்து படலையைத் தட்டினால், "என்ன குறையோ தெரியேல்லை" என்று நாலு பேர் கதைப்பார்கள்.

சரி, சில்லுக்கு வருவோம். எங்கள் ஒழுங்கை முடக்கில் சைக்கிள் திருத்துகிற ஐயா ஒருவர் இருந்தார். அவருக்கு எதைப் பார்த்தாலும் எரிச்சல். சில்லைக் கழற்றிக் கையில் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ஹப்பின்ரை புரி தேஞ்சு போச்சு" என்றார். சில்லின் நடுவில் கம்பிகளெல்லாம் வந்து சேருகிற இரும்பு உருளைதான் ஹப். அதன் ஒரு பக்கத்தில் போத்தல் கழுத்தில் இருப்பதுபோலப் புரி வெட்டியிருக்கும். பிறீவீலை அதில்தான் திருகிப் பூட்டுவது. அந்தப் புரி வழுவழுவென்று தேய்ந்துவிட்டதால் பிறீவீல் தன்பாட்டில் சுற்றுகிறது, சில்லு தன்பாட்டில் நிற்கிறது. புது ஹப்பும் அதற்குப் பொருந்துகிற பிறீவீலும் ரவுணில் வாங்கிவரச் சொன்னார். இரண்டும் சரியென்று கண்ணால் கண்டால்தான் தான் கம்பியிலே கை வைப்பேன் என்றும் சொல்லி வைத்தார்.

அம்மா என்னைத் துணைக்கு அனுப்பினார். முதல் சனிக்கிழமை மினிபஸ்ஸில் போனோம். கஸ்தூரியார் வீதிக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவில் அந்த உதிரிப்பாகக் கடை இருந்தது. கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். நெற்றிப் பக்கத்தில் மயிர் கொட்டத் தொடங்கியிருந்தது. மேசைக்குப் பின்னால் ரியூப்புகளும் செயின்களும் புடலங்காய்ப் பந்தல் மாதிரித் தொங்கின. மாமியைக் கண்டதும், "ரீச்சரோ? வாங்கோ, வாங்கோ" என்றார். தன் தமக்கையின் சின்ன மகள் எங்கள் பக்கத்தில் கொஞ்ச நாள் இருந்தபோது மாமியிடம் படித்தாளாம். அவளைக் கூட்டிப்போக வந்த நேரங்களில் மாமியையும் மாமியின் சைக்கிளையும் கண்டிருக்கிறாராம். மாமியும், "ஓம், ஞாபகம் இருக்கு" என்றார். அதைச் சொல்ல அவருக்கு இவ்வளவு நேரம் எடுத்தது ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

சில்லின் றிம்மிலே கம்பி கோக்க எத்தனை ஓட்டை என்று அவர் கேட்டார். மாமிக்குத் தெரியவில்லை. முப்பத்தாறாக இருக்கலாம், நாற்பதாகவும் இருக்கலாம் என்றார். "அப்ப முப்பத்தாறைக் கொண்டுபோய்ப் பாருங்கோ ரீச்சர். சரிவராட்டில் கொண்டு வாங்கோ, மாத்தித் தாறன்." எனக்கு ஒரு சிவப்புச் சோடா எடுப்பித்துத் தந்தார். பிறகு ஒரு பெட்டி நிறைய சைக்கிள் மணிகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "பிள்ளை, இதிலை எந்த மணி நல்லாய்ச் சத்தம் போடுது எண்டு பாத்துச் சொல்லுங்கோ" என்றார். இப்படியான பொறுப்பான வேலையை எனக்கு அதுவரை யாரும் தந்ததில்லை. நான் ஒவ்வொன்றாக எடுத்து அடித்துப் பார்த்தேன். கடை அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்குள் அவர்கள் இரண்டு பேரும் ஏதோ கதைத்துக்கொண்டு நின்றார்கள். பாவம், மணிச் சத்தத்தில் எப்படித்தான் அளவுகளைக் கதைக்கிறார்களோ என்று கவலைப்பட்டாலும் நான் என் வேலையை விடவில்லை.

வீட்டுக்கு வந்து றிம்மிலே சோக்கட்டியால் புள்ளி போட்டுப் போட்டு எண்ணினேன். நாற்பது. திருத்துகிற ஐயா ஹப்பைப் பார்த்ததும், "முப்பத்தாறு ஓட்டையிலை நாப்பது கம்பியை எப்பிடியணை கோக்கிறது? மிச்ச நாலையும் என்ரை மண்டையிலை குத்துறதோ?" என்று கத்தினார். மாமி கோபிக்கவில்லை. சிரித்தார். அது எனக்குப் பெரிய ஆச்சரியம். மாமி அப்படி லேசில் சிரிக்கிற ஆளில்லை.

அடுத்த சனிக்கிழமை நாற்பது ஓட்டை ஹப் வந்தது. அதோடு வந்த பிறீவீலோ சின்னப் பிள்ளைகளின் சைக்கிளுக்குப் போடுகிற சாதி. அதன் வாய் சின்னன். ஹப்பின் கழுத்து அதற்குள் நுழையவே இல்லை. பஸ்ஸில் வரும்போதே நான் போட்டுப் பார்த்துவிட்டேன். "மாமி, இது போகாது" என்றேன். "ஐயா பாத்துச் சொல்லட்டும்" என்று மாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐயா பார்த்தார். என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

அதற்கடுத்த தடவை புரி சரி. ஆனால் அது கியர் சைக்கிளின் பிறீவீல். ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்து பல்லுச் சக்கரம், கோயில் தீபம் மாதிரி அடுக்கடுக்காக. ஹப்பில் வடிவாக ஏறியது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை, எங்கள் சைக்கிள் கியர் சைக்கிள் ஆகப்போகிறது என்று துள்ளினேன். ஐயா அதைச் சட்டத்தில் பின்சில்லைப் பிடிக்கிற இரண்டு கவருக்கும் நடுவில் வைத்துக் காட்டினார். இடம் காணாது, கடைசிச் சக்கரம் சட்டத்தில் உரசிக்கொண்டு நின்றது. "உந்தக் கடையை விட்டிட்டு வேறை கடையிலை வாங்குங்கோ ரீச்சர்" என்றார். மாமி உடனே, "இல்லை ஐயா, அவர் மாத்தித் தாறன் எண்டவர்" என்றார். ஐயா மாமியை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு ஒரு ரியூப்பை ஒட்டத் தொடங்கினார். அன்றைக்குப் பிறகு அவர் மாமியிடம் எரிந்து விழவில்லை. எரிச்சலெல்லாம் என்மேல் திரும்பியது.

இதற்குள் நான் ஒரு பாதி எஞ்சினியர் ஆகிவிட்டேன். ஓட்டையை எண்ண வேண்டும். புரியின் வாய் பார்க்க வேண்டும். சட்டத்தின் கவருக்குள் அகலம் காணுமா என்று நூல் பிடிக்க வேண்டும். பிறீவீலில் பல்லுக் கூடினால் மிதிக்கச் சுகம், ஆனால் சைக்கிள் ஊரும்; பல்லுக் குறைந்தால் பறக்கும், ஆனால் முழங்கால் கழன்றுவிடும். எங்கள் பழைய பிறீவீலுக்குப் பதினெட்டுப் பல்லு. அதை நான் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி எண்ணினேன். நாற்பது ஓட்டை, பதினெட்டுப் பல்லு, பெரிய புரி, ஒற்றைச் சக்கரம். வாய்ப்பாடு மாதிரி மாமிக்குச் சொல்லிக் கொடுத்தேன். படிப்பிக்கிற ரீச்சர், தலையில் ஒன்றும் நிற்கவில்லை! பழைய சில்லைக் கொண்டுபோய்க் காட்டினால் ஒரே நாளில் முடியும் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறிய பிறகுதான், "ஐயோ, சில்லை மறந்திட்டமே" என்பார். மறந்தவருக்கு மாம்பழ மஞ்சள் சேலையைக் கட்ட மட்டும் மறக்கவில்லை. கோயிலுக்கே கட்டாத சேலை அது. கிறீஸ் பிடித்த சாமான் வாங்கப் போகிற இடத்துக்கு யாராவது அப்படிப் போவார்களா? அம்மாவிடம் இதைச் சொன்னேன். "உனக்கென்ன, கட்டட்டும்" என்று அம்மா என் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினார். அம்மாவுக்கு அன்று என்ன நல்ல மனநிலையோ, கேளாமலே எனக்கு வாழைக்காய்ப் பொரியல் வைத்தார்.

பிறகு பதினாறு பல்லு வந்தது. எல்லாம் பொருந்தியது! ஐயா கம்பியை எடுத்துவிட்டார். அந்த நேரம் மாமி, "ஐயா, இது மிதிக்கச் சரியான பாரமாய் இருக்கும். பிள்ளையையும் ஏத்திக்கொண்டு எதிர்க்காத்திலை ஏலாது" என்றார். ஓடிப் பார்க்காமலே பாரம் எப்படித் தெரியும் என்று நான்தான் கேட்டேன், ஐயா கேட்கவில்லை. அவர் கம்பியைத் திரும்பக் கட்டி வைத்துவிட்டார். அடுத்த தடவை இருபத்திரண்டு பல்லு வந்தது. செயின் சுற்றிவர எட்டவில்லை. இரண்டு கண்ணி போட்டால் எட்டும் என்று ஐயா வாய் தவறிச் சொல்லிவிட்டார். "வேண்டாம் ஐயா, ஏன் வீண் கரைச்சல், மாத்திக்கொண்டு வாறன்" என்றார் மாமி.

என் விடுமுறை கரைந்துகொண்டிருந்தது. சோடாவும் அலுத்துவிட்டது. மணிகளெல்லாவற்றையும் நான் சோதித்து முடித்து, எது முதலாம் தரம் எது இரண்டாம் தரம் என்று பிரித்தும் வைத்தாயிற்று. அவர் ஒவ்வொரு கிழமையும் எல்லாவற்றையும் கலந்து வைத்திருப்பார். ஒருநாள் மணி அடிப்பதை நிறுத்திவிட்டு முக்காலியிலிருந்தே, "பதினெட்டு! பதினெட்டுப் பல்லு!" என்று கத்தினேன். இரண்டு பேரும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரரின் கையில் பிறீவீலும் இல்லை, ஹப்பும் இல்லை. அப்படியானால் இவ்வளவு நேரமும் எதைப் பற்றித்தான் கதைத்தார்கள்? எனக்குச் சந்தேகம் பிறந்தது. ஒன்பது வயதில் வரக்கூடிய சந்தேகம் ஒன்றே ஒன்றுதான். அன்று பின்னேரம் அப்பாவிடம் போய்ச் சொன்னேன்:

"அப்பா, ரவுண் கடைக்காரர் எங்கடை மாமியைப் பேய்க்காட்டிறார்."

அப்பா வெங்காயக் கட்டை அப்படியே போட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஆர்? என்ன செய்தவன்?"

நான் முழுவதையும் சொன்னேன். முப்பத்தாறு ஓட்டை, சின்னப் புரி, ஐந்து அடுக்கு, பதினாறு, இருபத்திரண்டு, சோடா, மணி, மஞ்சள் சேலை, ஒன்றும் விடவில்லை. அம்மா குசினி வாசலில் நின்று எனக்குக் கண்ணைக் காட்டினார். கதை நன்றாகப் போகிறது, இன்னும் சொல்லு என்கிறார் என்று நினைத்து இன்னும் சொன்னேன். அப்பாவின் முகம் சிவந்தது. தன் தங்கச்சியை ஒருவன் ஏமாற்றுவதா என்று அவருக்கு ஏறிவிட்டது. "நாளைக்குப் போவம். நீயும் வா" என்றார். மாமி அப்போது முன்பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டிக்குக் கொடி வெட்ட யாருடைய வீட்டுக்கோ போயிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

அடுத்த நாள் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் நான். பழைய சில்லை மாலை மாதிரித் தோளில் கொழுவிக்கொண்டு இருந்தேன். கடை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தின சத்தமே சண்டைக்கு வந்த சத்தம். எனக்கு உள்ளுக்குள் ஒரே குசி. இன்றைக்குப் பார், கடைக்காரர் மாட்டினார் என்று பின்னாலேயே ஓடினேன்.

"நான் சண்டிலிப்பாயிலை இருந்து வாறன். ரீச்சரின்ரை தமையன்."

கடைக்காரர் எழும்பிய வேகத்தில் முக்காலி விழுந்தது. கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையை மறுபடியும் துடைத்தார். நான் சில்லை மேசையில் தூக்கி வைத்து, வாய்ப்பாட்டை ஒப்புவித்தேன். நாற்பது ஓட்டை, பதினெட்டுப் பல்லு, பெரிய புரி, ஒற்றைச் சக்கரம். அவர் சில்லைப் பார்க்கவேயில்லை. ஓட்டையை எண்ணவில்லை, பல்லை எண்ணவில்லை. குனிந்து மேசை லாச்சியை இழுத்துப் பேப்பரில் சுற்றின ஒரு பொட்டலத்தை எடுத்து அப்பாவுக்கு முன்னால் வைத்தார். அப்பா பிரித்தார். நாற்பது ஓட்டை ஹப். அதிலே பதினெட்டுப் பல்லுப் பிறீவீல் ஏற்கெனவே திருகிப் பூட்டி, கிறீஸும் பூசி, தயாராக இருந்தது. சுற்றியிருந்த பேப்பர் முழுக்கக் கிறீஸ் ஊறிப்போயிருந்தது.

"இதை எப்ப எடுத்து வைச்சனீர்?" என்று அப்பா கேட்டார்.

கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "முதல் நாளே, அண்ணை" என்றார்.

நான் துள்ளிக் குதித்தேன். "பாத்தீங்களே அப்பா! நான் சொன்னனான்தானே! முதல் நாளே வைச்சுக்கொண்டு..." அப்பா என்னைப் பார்க்கவில்லை. கடைக்காரரைப் பார்த்தபடி நின்றார். அப்பாவின் முகத்திலிருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பிறகு அந்த மணிப் பெட்டியைத் தானே எடுத்து என் கையில் தந்து, "பிள்ளை, நீ போய் இந்த மணியளைப் பார்" என்றார்.

அப்பாவுமா! நான் ஆத்திரத்தோடு அடித்தேன். அடிக்கிற இடைவெளிகளில் அங்குமிங்கும் சில சொற்கள் காதில் விழுந்தன. உடுப்பிட்டியிலே எந்தப் பக்கம். தகப்பன் ஆர். கூடப் பிறந்தது எத்தனை பேர். மூன்று தங்கச்சிமாராம், தமக்கை ஒருவராம். தங்கச்சிமார் மூன்று பேரையும் கரை சேர்த்துப்போட்டுத்தான் தன்னைப் பற்றி நினைக்க நேரம் வந்ததாம், கடைசித் தங்கச்சிக்குப் போன ஆவணியில்தான் முடிந்ததாம். "ஏன் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பேல்லை?" என்று அப்பா கேட்டது கேட்டது. "நான் எப்பிடி அண்ணை கேக்கிறது? நீங்கள் வெளிநாட்டிலை பாக்கிறீங்களாம் எண்டும் கேள்விப்பட்டன்" என்று அவர் சொன்னதும் கேட்டது. ஏமாற்றுக்காரனைப் பிடித்து வைத்துக்கொண்டு அவனுடைய தங்கச்சிமாரின் கலியாணத்தை விசாரிக்கிற மனுசனை நான் அன்றைக்குத்தான் கண்டேன். அது போதாதென்று அப்பா அவருடைய கையிலிருந்து சோடாவும் வாங்கிக் குடித்தார்.

திரும்பும்போது அப்பா மெல்ல ஓடினார். ஆனைக்கோட்டை தாண்டும்போது தன்பாட்டில் சிரித்தார். "பொலிசிலை சொல்லுவமோ அப்பா?" என்று கேட்டேன். "பொலிசு வேண்டாம் பிள்ளை. ரெண்டு ஆக்களோடை போய் அவையின்ரை வீட்டிலை கதைப்பம்" என்றார். அது எனக்குப் பிடித்தது. ஊரில் எந்த வழக்கும் அப்படித்தான் தீரும். பெரிய மனுசர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் நியாயம் கேட்பது.

மாமி கிணற்றடியில் நின்றார். அப்பா பொட்டலத்தை அவருடைய கையில் கொடுத்து, "இந்தா. முதல் நாளே எடுத்து வைச்சிருந்தவராம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை" என்றும் சொன்னார். மாமி பேப்பரை விலக்கிப் பார்த்தார். பிறகு கிணற்றுக் கட்டில் இருந்து, பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். அம்மா ஓடிவந்து அவருடைய தலையைத் தன்னோடு அணைத்துக்கொண்டார். அம்மாவும் அழுதார். அப்பா கப்பி சரியாகச் சுற்றுகிறதா என்று அண்ணாந்து பார்த்தார்.

எனக்கு மாமியை அப்படிக் காணப் பொறுக்கவில்லை. இத்தனை கிழமையும் சேலை கட்டிப் போன இடத்தில் ஒருவன் இப்படிச் செய்துவிட்டானே என்று யாருக்குத்தான் அழுகை வராது! பக்கத்தில் போய் அவருடைய கையைப் பிடித்தேன். "அழாதேங்கோ மாமி. அப்பா ஆக்களோடை உடுப்பிட்டிக்குப் போகப்போறார். அவருக்கு நல்ல பாடம் படிப்பிப்பினம்" என்றேன். மாமி என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தார். என் சட்டையெல்லாம் கிறீஸ்.

திருத்துகிற ஐயா அடுத்த நாளே கம்பி கோத்து, கோணல் எடுத்துச் சில்லைப் பூட்டித் தந்தார். மாமி வாக்குத் தவறாமல் பழக்கினார். இரண்டு தடவை வேலியில் ஏற்றி, கிளுவை முள் குத்தி, மூன்றாம் நாள் ஓடினேன். பதினெட்டுப் பல்லு எனக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. பள்ளிக்கூடம் தொடங்கியதும், பிழையான சைஸ் விற்ற கடைக்காரரை எங்கள் அப்பா உடுப்பிட்டிக்கே போய்ப் பிடித்த கதையை வகுப்பு முழுக்கச் சொன்னேன். அப்பாவும் அம்மாவின் தமையனும் போய் வந்திருந்தார்கள். போன முகத்தை விடத் திரும்பி வந்த முகம் நல்லாயிருந்தது. அம்மா குறிப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சாத்திரியாரிடம் போய் வந்தார். அது வேறு அலுவலாக்கும் என்று நான் கவனிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தமக்கையும் அத்தானும் கூட வந்தார்கள். தட்டத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பலகாரம் எல்லாம் இருந்தன. குற்றத்தை ஒப்புக்கொள்ள வருகிறவர்கள் இப்படி வெற்றிலைத் தட்டத்தோடு வருவது எனக்குப் புதினமாக இருந்தாலும், மரியாதையான ஆட்கள்தான் என்று ஒப்புக்கொண்டேன். எல்லோரும் விறாந்தையில் இருந்து மழையைப் பற்றி, உடுப்பிட்டிப் பாதையைப் பற்றி, வெங்காய விலையைப் பற்றியெல்லாம் கதைத்தார்கள். முக்கியமான விசயத்தை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை. மாமி அந்த மாம்பழ மஞ்சள் சேலையோடு தேத்தண்ணி கொண்டுவந்தார். கோழிக்குத் தீன் போடப் போகவில்லை. கதவு நிலையோடு நின்றார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. நடுவில் போய் நின்று அவருடைய முகத்துக்கு நேரே கேட்டேன்.

"முதல் நாளே சரியான சைஸை எடுத்து வைச்சுக்கொண்டு, எங்கடை மாமிக்கு ஏன் ஒவ்வொரு கிழமையும் பிழையான சைஸ் குடுத்தனீங்கள்?"

அம்மா, "எடியே!" என்றார். அப்பாவுக்குப் புரைக்கேறியது. கடைக்காரர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன. என்னைப் பார்த்தார், பிறகு என் தலைக்கு மேலால் கதவு நிலையைப் பார்த்தார்.

"எனக்கு அந்த அளவுகள் வடிவாய்த் தெரியாது, பிள்ளை" என்றார்.

தமக்கைக்காரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். கதவடியிலும் சிரிப்புக் கேட்டது. எனக்கு ஆளைப் பார்க்கப் பரிதாபமாகப் போய்விட்டது. இவ்வளவு வருசம் கடை வைத்திருக்கிற மனுசன், நாலு பேருக்கு முன்னால், தனக்கு அளவு தெரியாது என்று ஒப்புக்கொள்கிறதென்றால் லேசான காரியமா? ஏமாற்றுக்காரரில்லை, தெரியாத மனுசன் என்று அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டேன். பிறகுதான் நாள் குறிக்கிற கதை தொடங்கியது. மாமியை அவருக்குக் கட்டிக் கொடுக்கப் போகிறார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அளவு தெரியாத மனுசனுக்கா!

அடுத்த நாள் காலை மாமி எனக்குத் தலை பின்னிவிடும்போது, இதை இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். பிறகு பிந்திவிடும்.

"மாமி, அந்தக் கடையிலை இனி நீங்கள்தான் நிக்க வேணும். அவருக்கு ஒண்டும் தெரியாது. முப்பத்தாறு எது, நாப்பது எது எண்டே தெரியாது."

மாமி என் பின்னலை இறுக்கி இழுத்து, நுனியில் ரிபன் முடிந்தார். "ஓமடி, எனக்குத் தெரியும்" என்றார். அந்தக் குரலில் ஒரு துளி கவலை இல்லை. மெல்லிதாக ஏதோ பாட்டுக்கூட முணுமுணுத்தார்.

தெரிந்துகொண்டும் ஒருத்தி ஏன் இவ்வளவு சந்தோசமாகப் போகிறாள் என்பதுதான் எனக்கு விளங்கவேயில்லை.